தோல்வி தாங்கிய தோள்கள்

தலைமை என்னும் சொல்லுக்கு ஒவ்வொரு விளையாட்டிலும் ஒவ்வொரு பொருள் உண்டு. கிரிக்கெட் ஆட்டத்திலே தலைவரின் கை எங்கும் தெரியும். பந்து வீசுபவர் யார், களத்தடுப்போர் எங்கெங்கே நிற்க வேண்டும் என்பனவெல்லாம் அவர் சொற்படியே நடைபெறும். உதைபந்தாட்டத்தில் நிலைமை வேறு. ஆட்டத்தின் தொடக்கத்தில் நாணயம் சுண்டும்போது முன்னே நிற்பது, கையிலே ஒரு பட்டி அணிவது, மத்தியஸ்தரிடம் அணியின் சார்பில் இரண்டு வார்த்தை பேசுவது ஆகிய இவ்வளவே கண்ணுக்குத் தெரியும் கடமைகள். ஊதுகுழல் ஒலித்த பின்னர் பந்து எவருடைய கட்டளைக்கும் காத்திருப்பதில்லை. அப்படியாயின் பதினொருவருள் ஒருவரைத் தேர்ந்து தலைவர் என்று பெயரிடுவது எதன் பொருட்டு?

இந்த வினாவுக்கு விடை காண, அயல்நாடாகிய இந்தியாவின் தேசிய அணியை வழிநடத்தியோர் வரலாறு நல்லதோர் உரைகல்லாகும். இலங்கை நேயர்களுக்கு அவ்வரலாறு அந்நியமானதன்று. 1933ஆம் ஆண்டில் இந்திய அணியொன்று கடல் கடந்து இங்கு வந்து, இலங்கை அணியை 1-0 என்ற கணக்கில் வென்று சென்றது. அந்த அணியின் தலைவர் கோஷ்டோ பால்.

கோஷ்டோ பால் 1896ஆம் ஆண்டில் கிழக்கு வங்கத்தில் பிறந்தவர். கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்தின் பின்காப்பு வீரர். அக்காலத்தில் இந்தியர் ஆடிய ஆட்டங்களிற் பலவற்றில் எதிரே நின்றவர்கள் பிரித்தானியப் படைப்பிரிவினர். அவர்கள் கால்களில் தடித்த சப்பாத்துக்கள். இவர்களோ பெரும்பாலும் வெறுங்காலினர். 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் சிப்தாஸ் பாதுரியின் தலைமையில் மோகன் பகான் அணி கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று கேடயம் பெற்றபோது, பதினொருவருள் பதின்மர் வெறுங்காலுடனேயே ஆடினர். ஆளப்படுவோர் ஆள்வோரைத் திடலிலாவது வெல்லலாம் என்னும் நம்பிக்கை அன்று பிறந்தது. அந்த நம்பிக்கையைக் காத்து நின்றவர் கோஷ்டோ பால். எதிரிகள் எவ்வழி வரினும் கடக்க முடியாதவராய் நின்றமையால் மக்கள் அவரைச் சீனப் பெருஞ்சுவர் என்றே அழைத்தனர். 1962ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்ற அவருக்குக் கல்கத்தாவில் ஈடன் தோட்டத்தின் அருகே சிலையும் எழுப்பப்பட்டுள்ளது. பின்வந்த தலைவர்கள் அனைவரும் தாங்க வேண்டியிருந்த சுமையின் தொடக்கம் இதுவே: பதினொருவர் ஆடும் ஆட்டத்தில் ஒரு தேசம் தன் மானத்தை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தது.

நாடு விடுதலை பெற்ற மறுவருடம், 1948இல், இலண்டன் ஒலிம்பிக் விழா வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் உதைபந்தாட்ட அணிக்குத் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டவர் கல்கத்தாக்காரர் அல்லர். வடகிழக்கு எல்லையிலே நாகர் குன்றுகளில் சாங்கி என்னும் சிற்றூரிற் பிறந்த தலிமெரென் ஆவோ என்னும் இளைஞர். கந்தலைச் சுருட்டிப் பந்தாக்கி ஆடி வளர்ந்தவர் அவர். கிறித்தவ போதகராயிருந்த அவர் தந்தையார் 1935ஆம் ஆண்டில் நெருப்புக் காய்ச்சலால் இறந்தார். மகன் மருத்துவனாகித் தன் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பதே அவருடைய இறுதி விருப்பம். அந்த விருப்பத்தை நிறைவேற்றக் கல்கத்தாவுக்குச் சென்று மருத்துவம் படித்துக்கொண்டே ஆவோ மோகன் பகான் கழகத்தில் ஆடினார். இலண்டன் விழாவின் தொடக்க அணிவகுப்பில் இந்தியாவின் மூவர்ணக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. வேறொரு தேசத்தின் கொடியின் கீழ் எத்தனையோ ஆண்டுகள் நடந்த மக்களின் கொடியை, அந்தத் தேசத்தின் தலைநகரிலேயே ஏந்தும் பேறு நாகர் குன்றின் புதல்வருக்குக் கிட்டியது.

ஜூலை 31ஆம் நாள் இல்ஃபோட் நகரில் பிரான்சுடன் ஆட்டம் நடைபெற்றது. இந்திய வீரரிற் பெரும்பாலோர் வெறுங்காலுடன் இறங்கினர். பிரான்சு முதலில் ஒரு கோல் அடித்தது. எழுபதாவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அதனைச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு மீண்டும் ஒரு கோல் அடித்து 2-1 என வென்றது. இந்தக் கணக்கை மட்டும் பார்ப்போருக்கு அன்றைய துயரம் விளங்காது. இந்தியாவுக்கு அவ்வாட்டத்தில் இரண்டு தண்ட உதைகள் கிடைத்தன, இரண்டும் வீணாயின. அவற்றுள் ஒன்றைத் தவறவிட்டவர் சைலேன் மன்னா என்னும் இருபத்து மூன்று வயது இளைஞர்.

தோற்ற அணியைப் பார்த்து இலண்டன் மக்கள் ஏளனம் செய்யவில்லை, வியந்தனர். சப்பாத்தின்றி எவ்வாறு ஆடுகிறீர்கள் என்று கேட்ட பத்திரிகையாளருக்கு ஆவோ நகைச்சுவையோடு விடையளித்த கதை இன்றும் வழங்குகின்றது. தாயகம் திரும்பிய அவர், 1950ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் நாகாலாந்துக்கே சென்று மருத்துவராகப் பணியாற்றி, அம்மாநிலத்தின் சுகாதார சேவைகளின் இயக்குநராக உயர்ந்து, 1978ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். 1998இல் மறைந்தார். தந்தைக்கு அளித்த வாக்கை ஒலிம்பிக் புகழினும் பெரிதாகக் கருதிய தலைவர் அவர்.

தண்ட உதையைத் தவறவிட்ட மன்னாவின் கதி என்னவாயிற்று? ஒரு தவறுக்காக ஒருவரை ஒதுக்கித் தள்ளும் வழக்கம் எந்த நாட்டிலும் உண்டு. இந்திய அணியோ மூன்று ஆண்டுகளின் பின் அவரையே தலைவராக்கியது. 1951ஆம் ஆண்டில் முதலாவது ஆசிய விளையாட்டு விழா டில்லியில் நடைபெற்றது. மன்னாவின் தலைமையில் இந்தோனேசியாவையும் ஆப்கானித்தானையும் தலா மூன்று கோல்களால் வென்ற இந்தியா, இறுதியாட்டத்தில் ஈரானைச் சந்தித்தது. மேவாலால் அடித்த ஒரேயொரு கோல் வெற்றியைத் தந்தது. தவறியவருக்கு மீண்டும் ஒரு வாய்ப்பளித்த தேசம் தங்கப்பதக்கத்தைப் பெற்றது.

இதற்கு முந்திய ஆண்டில் இந்தியா இழந்த வாய்ப்பொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1950ஆம் ஆண்டில் பிரேசிலில் நடைபெற்ற உலகக்கிண்ணப் போட்டியில் ஆடும் தகுதி இந்தியாவுக்குக் கிடைத்திருந்தது. இத்தாலி, சுவீடன், பரகுவே ஆகிய நாடுகளோடு ஒரே பிரிவில் இடமும் ஒதுக்கப்பட்டது. ஆனால் அணி செல்லவில்லை. வெறுங்காலுடன் ஆட அனுமதி மறுக்கப்பட்டமையே காரணம் என்னும் கதை ஊரெங்கும் பரவிற்று. பிற்காலத்தில் மன்னாவே அதனை மறுத்தார். உலகக்கிண்ணத்தின் பெருமையை அன்றைய நிருவாகிகளும் வீரர்களும் உணர்ந்திருக்கவில்லை. ஒலிம்பிக்கே அவர்களுக்கு உலகமாயிருந்தது. அந்த ஆண்டில் தவறிய உலகக்கிண்ணம் இந்தியாவுக்கு இன்றுவரை எட்டவில்லை.

1952ஆம் ஆண்டில் எல்சிங்கி ஒலிம்பிக் விழாவுக்கும் மன்னாவே தலைவர். வெயிலில் வெந்த கால்கள் வடதுருவத்தின் அயல்நாடொன்றில் குளிரிலே நின்றன. யூகோசிலாவியா 10-1 என்ற கணக்கில் இந்தியாவை முறியடித்தது. ஆசியாவின் வெற்றித் தலைவர் ஓராண்டு கழிந்ததும் ஐரோப்பாவில் பத்துக் கோல்களின் பாரத்தைச் சுமந்தார். அந்தத் தோல்வி வீண்போகவில்லை. அதன் பின்னரே சப்பாத்து அணிந்து ஆடுதல் வேண்டும் என்று இந்தியச் சம்மேளனம் விதி வகுத்தது. வெறுங்கால் ஆட்டத்தின் அழகு பெரிதுதான்; எனினும் காலத்தோடு ஒட்ட ஒழுகாத அழகு களத்தில் நில்லாது என்பதை எல்சிங்கி கற்பித்தது.

இக்காலத்திலேதான் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகளும் கொழும்புக் கிண்ணத்துக்காகப் போட்டியிட்டன. 1952ஆம் ஆண்டில் கொழும்பிலே தொடங்கிய அப்போட்டி 1955 வரை ஆண்டுதோறும் ஒவ்வொரு நாட்டில் நடைபெற்றது. முதலாண்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. ஏனைய மூன்றாண்டுகளிலும் இந்தியாவே வென்றது. மோகன் பகான் கழகத்துக்காகவே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆடிய மன்னாவை, 2000ஆம் ஆண்டில் இந்தியச் சம்மேளனம் ஆயிரமாண்டின் சிறந்த வீரரென்று பாராட்டியது. 2012ஆம் ஆண்டில், 87ஆம் வயதில் அவர் காலமானார்.

அடுத்து வந்த காலத்தை இந்திய உதைபந்தாட்டத்தின் பொற்காலம் என்பர். அக்காலத்தின் சிற்பி ஓர் ஆசிரியர். ஐதராபாத்தில் பள்ளிக்கூடத்திலே பாடஞ்சொல்லிக் கொடுத்த சையத் அப்துல் ரஹீம் என்பவரே தேசிய அணியின் பயிற்றுநராகிய பெருமகன். மாணவனின் இயல்பறிந்து பாடம் நடத்தும் கலையை அவர் திடலுக்குக் கொண்டு சென்றார். 1956ஆம் ஆண்டு மெல்பேண் ஒலிம்பிக் விழாவில் அவர் அணிக்குத் தலைமை தாங்கியவர் பத்ரு என்று அன்போடு அழைக்கப்பட்ட சமர் பானர்ஜி. டிசெம்பர் முதலாம் நாள் அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலே 4-2 என இந்தியா வென்றது. நெவில் டி சூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் ஆட்டமொன்றில் மூன்று கோல்கள் அடித்த முதல் ஆசியர் அவரே. அரையிறுதியில் மீண்டும் யூகோசிலாவியா. நான்காண்டுகளுக்கு முன் பத்துக் கோல் அடித்த அந்நாட்டுக்கெதிராக முதற் கோலை இந்தியாவே அடித்தது! இறுதியில் 4-1 எனத் தோற்றாலும், சப்பாத்தணிந்த கால்கள் எவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டன என்பதை அந்த ஒரு கோல் உலகுக்கு உணர்த்திற்று. மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று, அணி நான்காமிடம் பெற்றது. ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் இந்தியா எட்டிய உச்சம் அதுவே. எனினும் அந்த உச்சத்துக்கு அழைத்துச் சென்ற பத்ரு பானர்ஜியின் பெயரை அறிந்தோர் அரிது. 2022ஆம் ஆண்டில், 92ஆம் வயதில் அவர் மறைந்தபோதே பலர் அப்பெயரை முதன்முறையாகக் கேட்டனர்.

1960ஆம் ஆண்டு உரோம் விழாவில் பிரதீப் குமார் பானர்ஜி தலைவரானார். ஹங்கேரியிடம் 2-1 எனத் தோற்ற அணி, பிரான்சுடன் 1-1 எனச் சமநிலை கண்டது. அந்தக் கோலை அடித்தவர் தலைவரே. பெருவிடமும் தோற்று இந்தியா திரும்பிற்று. அதன் பின் இந்திய உதைபந்தாட்ட அணி ஒலிம்பிக் களத்தைக் காணவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1962இல், ஜக்கார்த்தாவில் ஆசிய விளையாட்டு விழா. தலைவர் சூனி கோஸ்வாமிக்கு வயது 24. சூழ்நிலையோ கடுமையானது. தாய்வானும் இஸ்ரவேலும் விழாவிலிருந்து விலக்கப்பட்டமையை இந்திய நிருவாகி ஒருவர் கண்டித்தமையால், இந்தோனேசிய மக்கள் இந்தியர்மீது சினங்கொண்டிருந்தனர். முதலாட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. தாய்லாந்தை வென்ற ஆட்டத்திலே பின்காப்பின் தூணாகிய ஜர்னெயில் சிங்கின் தலை பிளந்தது. பயிற்றுநர் ரஹீமின் உடலையோ புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. யப்பானை வென்று அரையிறுதிக்குச் சென்ற அணி, தென்வியட்நாமை 3-2 எனத் தோற்கடித்தது. மூன்றில் இரண்டு கோல்கள் தலைவர் சூனியுடையவை. ஒன்று, தலையிலே தையலுடன் முன்வரிசைக்கு மாற்றப்பட்ட ஜர்னெயிலுடையது.

செப்டெம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டம். எதிரணி அதே தென்கொரியா. இலட்சம் பேர் கூடியிருந்த அரங்கிலே இந்தியருக்காகக் கைதட்டியோர் மிகச் சிலர். பதினேழாவது நிமிடத்தில் பிரதீப் குமாரும் இருபதாவது நிமிடத்தில் ஜர்னெயிலும் கோல் அடித்தனர். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஆட்டம் முடிய ஐந்து நிமிடங்கள் இருக்கையில் கொரியா ஒரு கோல் திருப்பியது. எஞ்சிய கணங்கள் யுகங்களாய் நகர்ந்தன. 2-1 என இந்தியா வென்றது. ஆசிரியர் ரஹீமுக்கு மாணவர் அளித்த இறுதிக் காணிக்கை அந்தத் தங்கப்பதக்கம். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் கண்மூடினார். தகைமை சான்ற தலைவருக்குப் பின்னே நல்லாசிரியர் ஒருவர் நிற்பதை இந்த வரலாறு மெய்ப்பிக்கின்றது.

சூனி கோஸ்வாமி 1964ஆம் ஆண்டில் ஆசியக்கிண்ணத்திலும் இந்தியாவை இரண்டாமிடத்துக்கு இட்டுச் சென்றார். அதே ஆண்டில் சர்வதேச உதைபந்தாட்டத்திலிருந்து விலகி, பின்னர் வங்காளத்தின் கிரிக்கெட் அணிக்குத் தலைவராகி, 1971-72 பருவத்தில் அதனை ரஞ்சிக்கிண்ண இறுதியாட்டத்துக்கும் அழைத்துச் சென்றார். இரு வேறு ஆட்டங்களிலே தலைமைப் பண்பு ஒன்றே என்பதற்கு இவரினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

பின்னர் இறங்குமுகம் தொடங்கிற்று. 1970ஆம் ஆண்டில் பாங்கொக் நகரில், ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் நயீமுத்தீனின் தலைமையில், யப்பானை 1-0 என வென்று இந்தியா வெண்கலம் பெற்றது. 2023ஆம் ஆண்டில் ஹாங்சோவில் நடந்த விழா வரையில், ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்டத்தில் இந்தியா பெற்ற இறுதிப் பதக்கம் அதுவேயாகும். யப்பானும் கொரியாவும் ஆட்டத்தை அறிவியலாக வளர்த்தன. கிரிக்கெட்டின் பேரொலியில் இந்திய உதைபந்தாட்டத்தின் குரல் தேய்ந்தது. 1995ஆம் ஆண்டில் கொழும்பிலே நடைபெற்ற தென்னாசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை அணி இந்தியாவை 1-0 என வீழ்த்திக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. கோஷ்டோ பாலின் அணி பெற்ற அதே கணக்கை அறுபத்திரண்டு ஆண்டுகளின் பின் இலங்கை திருப்பிக் கொடுத்தது!

அந்தக் காலகட்டத்தில் இந்திய அணியின் தலைவராய் விளங்கியவர் கேரளத்துக் கண்ணூர் மாவட்டத்தின் வி. பி. சத்தியன். 1992ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கேரள அணி சந்தோஷ்க் கிண்ணம் வென்றபோதும், 1995 டிசெம்பரில் சென்னையில் நடைபெற்ற தென்னாசிய விளையாட்டு விழாவில் இந்தியா தங்கம் வென்றபோதும் தலைவர் அவரே. பின்னர் சென்னையிலேயே வங்கியொன்றின் அணியோடு ஆட்டத்திலும் பயிற்சியிலும் ஈடுபட்டு வாழ்ந்தார். ஆட்டத்துக்காகத் தேய்ந்த உடலும் ஆட்டம் நின்றபின் சூழ்ந்த தனிமையும் அவரை வருத்தின. 2006ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், பல்லாவரத்திலே இருப்புப்பாதையில், நாற்பத்தொரு வயதில் அவர் வாழ்வு முடிந்தது. தோல்வியின் பாரத்தைத் தலைவர் சுமக்கிறார். தலைவரின் பாரத்தைச் சுமப்பவர் யார்? பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அவர் கதையைக் கேரளம் திரைப்படமாக்கிக் கண்ணீர் வடித்தது. உயிரோடிருக்கையில் ஒரு கதவைத் தட்டி நலம் விசாரிப்பதற்கு எந்தத் திரைப்படமும் ஈடாகாது.

புத்தாயிரத்தில் தலைமைப் பொறுப்பு இமயத்தின் மடிக்குச் சென்றது. சிக்கிமின் திங்கித்தாம் என்னும் ஊரிற் பிறந்த பைச்சுங் பூட்டியா 2008ஆம் ஆண்டில் ஆசியச் சவால் கிண்ணத்தை வென்று தந்தார். அதன் பயனாக 27 ஆண்டுகளின் பின், 2011இல், இந்தியா ஆசியக்கிண்ணத்தில் ஆடும் தகுதி பெற்றது. ஆனால் அத்தருணத்தில் தலைவர் காயமுற்றிருந்தார். இரண்டு தோல்விகளை வெளியிலிருந்தே பார்த்திருந்த அவர், தென்கொரியாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் மட்டுமே களமிறங்க முடிந்தது. மனச்சாட்சியை விற்காத தலைவருமாவார் அவர். 2008ஆம் ஆண்டில் ஒலிம்பிக் தீபத்தை ஏந்தும் அழைப்பை, திபெத்திய மக்களின் துயரை நினைந்து மறுத்தார்.

அவருக்குப் பின் நெடுங்காலம் பட்டி அணிந்தவர் சுனில் சேத்ரி. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மும்பாயிலே இந்தியா தாய்வான் அணியை வென்றபோது, அரங்கிலிருந்தோர் 2,569 பேர். மறுநாள் தலைவர் மக்களை நோக்கி ஒரு வேண்டுகோள் விடுத்தார். வாழ்த்த மனமில்லையேல் வந்து வைதாவது செல்லுங்கள், ஆனால் அரங்குக்கு வாருங்கள் என்பதே அதன் சாரம். அடுத்த ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டுக்கள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. கென்யாவுக்கு எதிரான அவ்வாட்டம் அவருக்கு நூறாவது. இரண்டு கோல்கள் அடித்து 3-0 என்ற வெற்றிக்கு வழிகாட்டினார். 2024 ஜூன் 6ஆம் நாள் கல்கத்தாவில் குவைத்துடன் ஆடி அவர் விடைபெற்றபோது, 151 ஆட்டங்களில் 94 கோல்கள் அவர் கணக்கில் இருந்தன. அவர் விலகிய பின் கோல் அடிப்பாரின்றி அணி தவித்தது. 2025 மார்ச்சில், நாற்பதாம் வயதில், மீண்டும் அழைக்கப்பட்டு மாலைதீவுக்கு எதிராக அவர் கோல் அடித்தார். ஒரு தலைவருக்கு அது பெருமை. அடுத்தவரை உருவாக்காத அமைப்புக்கு அது எச்சரிக்கை.

வங்காளி, நாகர், பஞ்சாபியர், ஐதராபாத்து முஸ்லிம், மலையாளி, சிக்கிமியர் என எத்தனையோ மொழியினரும் மதத்தினரும் இந்த வரிசையிலே நிற்கின்றனர். ஒருவர் மொழியை மற்றவர் அறியாத அணிகளையே இவர்கள் ஒன்றாக்கினர். அவர்கள் எல்லாரும் அறிந்த மொழி ஒன்றிருந்தது: வென்றால் அது பதினொருவருக்கும் உரியது; தோற்றால் முதலில் குனிய வேண்டியது தலைவரின் தலை.

கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்திலும் கடற்கரை மணலிலும் மாலைதோறும் பந்துதைக்கும் இளைஞர்கள் தமக்குள்ளே தலைவரைத் தேர்கிறார்கள். அதிகம் கோல் அடிப்பவனையே தேர்வது வழக்கம். பந்து வலைக்கு வெளியே போனபின், தவறவிட்டவனின் தோளில் முதலிற் கைவைப்பவன் எவன் என்பதையும் சற்றுக் கவனிப்பார்களாக. 1948இல் தண்ட உதையைத் தவறவிட்ட மன்னாவை அன்றே கைவிட்டிருந்தால், 1951இல் டில்லியின் தங்கத்தைப் பெற்றுத் தர அவர் இருந்திருக்கமாட்டார்.